உவரி வேண்டாம், ஆடியும் வேண்டாம்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு ஊர் திசையன்விளை. மகளுக்கு 11 வயது, எடை 32 கிலோ. போன மாசியில் ராமேஸ்வரம் போனபோது கடல்மேல் கைட் பிடித்துச் சறுக்குகிறவர்களைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். அவள் அப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடமாக அங்கே கைட் சர்ஃபிங் செய்கிறார். ஆடியில் ஒரு மாத லீவில் வருகிறார். கூட வேலை செய்கிறவர் மலிவாகத் தருகிற 12 மீட்டர் கைட்டை வாங்கிவந்து, உவரிக் கடற்கரையில் வைத்துத் தானே பழக்கிவிடுவதாகச் சொல்கிறார். ஆடிக் காற்றை விட்டால் வேறு காற்று ஏது என்பது அவர் வாதம். பிள்ளைக்கு நீச்சல் தெரியும். தாத்தா தோட்டத்துக் கிணற்றில் பழக்கினார். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்கிறார் என் மாமியார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. இந்த வயதில் கற்றுக்கொடுக்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– ஒரு வாசகி, திசையன்விளை

பதில்:

தங்கச்சி, தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். 11 வயது போதும். 32 கிலோ கொஞ்சம் லேசான உடம்புதான், ஆனால் அதற்கேற்ற சாமானும் காற்றும் அமைந்தால் அது தடையில்லை. நான் வயதைவிட வேறொன்றைத்தான் முதலில் பார்ப்பேன். "விடு" என்றதும் கையை விடுகிற பிள்ளையா, "ஏன்?" என்று திரும்பிக் கேட்கிற பிள்ளையா? இரண்டாவது ரகம் என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம். கேள்வி கேட்கிற பிள்ளை வீட்டுக்கு நல்லது, கைட் கையில் இருக்கிற நேரத்தில் மட்டும் ஆகாது.

உங்கள் கடிதத்தில் மூன்று சங்கதிகள் எனக்கு உறுத்துகின்றன. ஆடி, உவரி, 12 மீட்டர். மூன்றையும் தனித்தனியாக வைத்தாலே யோசிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கிறார்.

முதலில் ஆடி. நம் சீமையில் காற்று என்றாலே ஆடிதான். அம்மியும் பறக்கும் என்று பழமொழி இருக்கும்போது கைட் பறக்காதா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நெருக்கிப் பிதுங்கி நம் பக்கம் இறங்குகிறது. முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, செம்மண்ணைத் தாண்டி, உவரியில் கடலுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. நம் கரை கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர் நோக்கி வடகிழக்காக ஏறுகிறது, கடல் அதற்குத் தென்கிழக்கே கிடக்கிறது. மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு உவரி என்பது கரையைவிட்டு வெளியே போகிற வாசல். அங்கிருந்து கிழக்கே அடுத்த கரை இலங்கை. சுமார் 200 கிலோமீட்டர்.

கைட் சர்ஃபிங்கில் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றில் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை, துரத்திப் பிடிக்க மோட்டார் படகு கூடவே நின்றால் ஒழிய. இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. கரையோரம் பனைக்கூட்டத்துக்கும் வீடுகளுக்கும் பின்னால் காற்று பதுங்கி, மெலிந்து, விட்டுவிட்டு அடிக்கும். "இவ்வளவுதானா" என்று பெரிய கைட்டாக எடுத்து இறங்குவோம். 200 மீட்டர் உள்ளே போனதும் மறைப்பு விலகி முழுக் காற்றும் வந்து பிடிக்கும். அப்போது திரும்பிப் பார்த்தால் அந்தோணியார் கோயில் கோபுரம் சின்னதாகத் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் பழகிய இடம் அப்படி. ஷார்ஜா, துபாய் கரையில் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல்காற்று வரும். அது கரையைப் பார்த்துச் சாய்ந்து வீசும். தப்பு செய்தாலும் காற்றே கொண்டுவந்து மணலில் போட்டுவிடும். இரண்டு வருடம் அந்தக் காற்றில் சறுக்கியவருக்கு, திரும்பக் கொண்டுவராத காற்று என்று ஒன்று இருப்பதே உடம்பில் பதிந்திருக்காது.

பிள்ளைக்குக் காற்றின் திசையைப் பழக்க உங்கள் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. காற்றாலையின் தலை எப்போதும் காற்று வருகிற பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கும். ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது, "இன்றைக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது? அப்படியானால் உவரியில் காற்று கடலுக்குப் போகுமா, கரைக்கு வருமா?" என்று கேளுங்கள். ஆடியில் மேற்கே பார்த்து நிற்கும், மார்கழி தையில் வடகிழக்கே திரும்பியிருக்கும். ஒரு வருடம் இந்த விளையாட்டை ஆடிய பிள்ளை, காற்றுச் செயலியைத் தட்டிப் பார்த்து வருகிற பெரியவர்கள் பலரைவிடத் தெளிவாக இருப்பாள். (மீன்பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.)

அப்படியானால் எப்போது? தையிலிருந்து பங்குனி வரை. வடகிழக்கு மழை ஓய்ந்தபின் வாடை நம் கரைக்கு ஏறக்குறைய இணையாக வீசும். வெயில் ஏறியதும் கடல்காற்று சேர்ந்து அதைக் கரைப்பக்கமாக வளைக்கும். பழகுகிறவர்களுக்கு வேண்டியது இந்தப் பக்கவாட்டுக் காற்றுதான். வேகமும் சீராக இருக்கும். பரீட்சை நேரம் என்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் போதும், அதற்குமேல் இந்த வயதுப் பிள்ளைக்குக் கையும் தாங்காது, கவனமும் நிற்காது.

சனிக்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் கடற்கரையில் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். கரை முழுக்கப் படகும் வலையும் ஆளுமாக இருக்கும், கைட் விரிக்க இடம் கிடைக்காது. தண்ணீரில் படகே இல்லாததால் ஏதாவது ஆனால் எட்டிப்பிடிக்கவும் யாரும் இல்லை. எந்த நாள் போனாலும் முதலில் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். கைட்டைக் கட்டிய 20 மீட்டர் கயிறு, அதாவது லைன், வலைமேல் விழுந்தால் சண்டை வரும், நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பக்கம் போகவே வேண்டாம்.

இனி அந்த 12 மீட்டர் கைட். கைட்டின் அளவைச் சதுர மீட்டரில் சொல்வோம். பழகுகிறவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் நாட்டுக்கணக்கு ஒன்று உண்டு. உடல் எடையை 2.2-ஆல் பெருக்கி, காற்று வேகத்தால் வகுக்க வேண்டும். வேகத்தை நாட் (knot) என்ற அளவில் போட வேண்டும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். உங்கள் மகளுக்கு 32 பெருக்கல் 2.2, சுமார் 70. காற்று 16 நாட் என்றால் நாலரை மீட்டர் கைட். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 12 மீட்டர் கைட் அவளுக்கு ஒத்துவருகிற காற்று 6 நாட்டுக்கும் கீழே வரும். அந்தக் காற்றில் அந்தக் கைட் ஒழுங்காக மேலேயே நிற்காது. அதாவது, அது பறக்கிற எந்தக் காற்றும் அவளுக்கு ஆகாத காற்று.

அவருக்கே ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டர் அவருக்கு 14 நாட் காற்றுக்கான கைட். ஆடியில் திறந்தவெளியில் நான் காற்றுமானியை நீட்டிப் பார்த்த நாட்களில் 25 நாட்டைத் தொட்டவை நிறைய. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு ஆகும். 12 நாட்டில் செல்லமாக இழுக்கிற கைட், 24 நாட்டில் நாலு கைட் சேர்ந்து இழுப்பதுபோல. இதைக் காகிதத்தில் படிப்பதற்கும் தோளில் உணர்வதற்கும் வித்தியாசம் உண்டு.

நான் உணர்ந்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன், தனியாகப் பழகிவிடலாம் என்று ஒரு பழைய கைட்டை வாங்கி, எங்கள் ஊர்க் காய்ந்த குளத்தில் ஆடி மாதம் விரித்தேன். தண்ணீரே இல்லையே, என்ன ஆபத்து என்று நினைப்பு. மேலே ஏறிய வேகத்தில் கைட் என்னைக் குப்புறப் போட்டு இழுத்துக்கொண்டு ஓடியது. அவசரத்தில் கழற்றுகிற ரிலீஸைப் பிடித்து அமுக்கினேன், அசையவில்லை. உள்ளே மணல் புகுந்து இறுகியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. கடைசியில் கரையோரத்து உடைமரக் கூட்டம்தான் என்னை நிறுத்தியது. அன்று சாயங்காலம் திண்ணையில் குப்புறப் படுக்கவைத்து, அத்தை ஊக்கால் முள் எடுத்தார்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு திட்டு.

அதனால்தான் சாமான் என்று யார் கேட்டாலும் நான் ரிலீஸில் ஆரம்பிக்கிறேன். கைட்டிலிருந்து வரும் லைன்கள் பார் என்கிற கைப்பிடிக் கம்பியில் சேர்கின்றன. பாரை நாம் கையில் பிடித்தாலும், முழு இழுவையும் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கியில்தான் விழும். அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கும் வளையத்தை ஒரே தள்ளலில் திறந்துவிடுவதுதான் ரிலீஸ். திறந்ததும் கைட் ஒரே ஒரு லைனில் தொங்கி, காற்றை விட்டுவிட்டுத் துணிபோல விழும். அதுவும் போதாவிட்டால் அந்த ஒரு லைனையும் கழற்றிவிட இரண்டாவது ரிலீஸ் உண்டு. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 21853 என்று 2020-இல் ஒரு தரவிதி வந்தது. பார் வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் மகளின் கைக்கு அது திறக்க வேண்டும். ஹார்னஸை மாட்டி, பாரைத் தூணில் கட்டி, அவளைப் பின்னால் சாய்ந்து முழு எடையும் விழும்படி தொங்கவிட்டு, "இப்போது திற" என்று சொல்லுங்கள். பின்னால் ஒரு மெத்தை போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் திறந்தால் பொத்தென்று விழுவாள். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் மட்டும், ஈரக் கையால். பெரியவர்களுக்குச் செய்த பாரில் சின்னப் பிள்ளைகளின் விரல் சுற்றிவராமல் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலில் போய்விட்டு வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நாலு தடவை திறந்து மூடி வைக்க வேண்டும். உப்பும் மணலும்தான் அதற்கு எதிரி.

சரி, எதை முதலில் வாங்குவது? கைட் இல்லை. கையடக்கக் காற்றுமானி. ஷார்ஜாவிலிருந்து அதை வாங்கிவரச் சொல்லுங்கள். அதில் சராசரியைவிட உச்சத்தையும் தாழ்வையும் பாருங்கள். 10 நாட்டுக்கும் 12 நாட்டுக்கும் இடையே ஆடினால் நல்ல காற்று. 8-க்கும் 18-க்கும் குதித்தால் அன்றைக்குக் கைட்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், சராசரி என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது பயிற்சிக் கைட். காற்றடைக்கிற குழாய் எதுவும் இல்லாத, துணியால் ஆன சின்னக் கைட். ஒன்றரை மீட்டர் போதும், அதிகம் போனால் இரண்டு. 3 மீட்டர் வாங்கினால் வளர்ந்தபின்னும் ஆகும் என்று கடையில் சொல்வார்கள். பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரிதாக வாங்குகிற வழக்கம் இதில் உதவாது. கைப்பிடிப் பட்டை உள்ளதைவிடப் பார் உள்ளதாக வாங்குங்கள், பிற்பாடு பெரிய கைட்டுக்குப் போகும்போது கை மாறவேண்டியிருக்காது. மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு கட்டாயம் இருக்க வேண்டும்: பாரைக் கைவிட்டதும் கைட் செத்து விழ வேண்டும், பறந்துபோய் ரோட்டில் போகிறவர் முகத்தில் மோதக் கூடாது. இந்தக் கைட்டை ஹார்னஸில் கொக்கி போட்டு மாட்ட உங்கள் வீட்டுக்காரருக்கு ஆசை வரும். அனுமதிக்காதீர்கள். கையால் பிடித்திருக்கும்வரை கைதான் அவளுடைய ரிலீஸ்.

நேரம் இருந்தால் இந்தக் கைட்டோடு இரண்டு மூன்று மாதம்கூடத் தரையிலேயே ஓட்டலாம். பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டு "கடலுக்குப் போகலாமா" என்பார்கள். பிள்ளைகள் அப்படியில்லை, விளையாட்டாகக் கொடுத்தால் நாள்கணக்கில் ஆடுவார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி, இடது கைப்பக்கம் 9, வலது கைப்பக்கம் 3. எதிரே விரிகிற வானத்தை இப்படிக் கடிகாரமாக்கிக்கொண்டால் பேசுவது சுலபம். 12-இல் கைட் அமைதியாக நிற்கும், கீழே நடுவில் இறங்கும்போதுதான் இழுக்கும். முதல் நாள் மணலில் உட்கார்ந்துகொண்டே பழகட்டும். உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஓடிப் போய் விழாது. 11-இல் நிறுத்து, 1-க்குக் கொண்டுபோ, வானத்தில் 8 வடிவம் போடு. அப்புறம் நின்றுகொண்டு. அப்புறம் நடந்துகொண்டு. அப்புறம் கைட்டைப் பார்க்காமல், உங்களைப் பார்த்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓட்டட்டும். வாய்ப்பாடும் தப்பாமல் கைட்டும் விழாமல் இருந்தால், கை தானாகவே வேலை செய்யப் பழகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் அலையையும், காலடியில் சறுக்குகிற பலகையையும் பார்க்க வேண்டியிருக்கும்போது கைட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இடையிடையே, எதிர்பாராத நேரத்தில், "விடு!" என்று கத்துங்கள். உடனே பாரைப் போட வேண்டும். யோசிக்காமல் கை விடும்வரை ஒவ்வொரு நாளும் பத்து, இருபது தடவை. ஆபத்தில் எல்லாரும் பாரை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார்கள், அது மனித சுபாவம். பாரை இழுத்தால் கைட் இன்னும் வேகமாக இழுக்கும். இந்த சுபாவத்தை மாற்றுவதற்குத்தான் இத்தனை பாடும்.

தரையில் எங்கே ஓட்டுவது என்பது உங்கள் பக்கம் கொஞ்சம் சிக்கல். தேரி மணல் விழுவதற்கு மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் பனையும் உடைமுள்ளும் பக்கத்திலேயே நிற்கும். காற்று வருகிற பக்கம் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரமாவது தள்ளி நில்லுங்கள். அதற்குள் காற்று சுழன்று அடிக்கும். காற்று போகிற பக்கம் 100 மீட்டர் வெறும் வெளியாக இருக்க வேண்டும். மின்கம்பி கண்ணில் படுகிற இடமே வேண்டாம். காற்றாலை இருக்கிற ஊரில் இது பெரிய கட்டுப்பாடுதான், தெரிந்தே சொல்கிறேன். இந்த லைன்கள் மாஞ்சா நூல் இல்லை, கண்ணாடித்தூள் கிடையாது. ஆனாலும் இழுவையில் இருக்கும் லைனை விரலில் சுற்றினால் சதையை அறுத்துவிடும். லைனைத் தொடக் கூடாது, தாண்டக் கூடாது, ஆட்டுக்குட்டி ஓடினாலும் பாரைப் போட்டுவிட்டுத்தான் துரத்த வேண்டும்.

தண்ணீருக்குப் போகும்போது வேண்டிய கைட், பார் எல்லாவற்றையும் சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள். புதிதாக ஒரு கைட்டும் பாரும் வாங்கினாலே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், பிள்ளை இரண்டு வருடத்தில் பத்து கிலோ கூடிவிடுவாள். பயிற்சிப் பள்ளியில் கொடுப்பார்கள். கொடுப்பது 4 அல்லது 5 மீட்டர், காற்றடைக்கிற வகை, 4 லைன் உள்ளதாக இருக்கட்டும். சின்னக் கைட் துறுதுறுவென்று திரும்பும், அதனால் நல்ல பயிற்சியாளர் லைனைக் குறைத்துக் கட்டுவார். லைன் குட்டையானால் கைட் ஓடுகிற தூரம் குறையும், இழுவையும் குறையும். பாரை முழுக்கத் தள்ளிவிட்டபோதும் அவள் கைக்கு எட்ட வேண்டும். எட்டாத பாரைப் பிடிக்க எம்பும் பிள்ளை கட்டுப்பாட்டை இழந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வாங்க வேண்டியது உடம்பை ஒட்டி மாட்டுகிற மூன்றுதான். ஒன்று ஹார்னஸ். இந்த வயதில் இடுப்பு வளைவு இருக்காது, இடுப்புப் பட்டை வகை வாங்கினால் இழுவையில் மேலே ஏறி விலாவை நெரிக்கும். தொடைக்கிடையில் வார் வைத்த, உட்காருகிற வகை ஹார்னஸ்தான் நல்லது. இரண்டாவது, மிதக்கும் உடுப்பு. அடி தாங்குவதற்கு மட்டும் என்று விற்கிற மெல்லிய உடுப்பு போதாது, அது அவளை மிதக்கவைக்காது. 50 நியூட்டன் என்று போட்டிருக்கும் மிதவை உடுப்பாக, ஹார்னஸுக்கு இடம் விட்டு மார்போடு முடிகிற மாதிரிப் பாருங்கள். மூன்றாவது, காதுப்பக்கம் துளை உள்ள நீர்விளையாட்டு ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். பலகை 120 சென்டிமீட்டர் நீளம், கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். பலகையைக் காலோடு கயிற்றால் கட்டச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டாதீர்கள். கைட் இழுக்கும்போது அந்தக் கயிறு ரப்பர்போல விரிந்து, பலகையைத் தலைக்கே திருப்பி அனுப்பும். நம் கடல் தண்ணீர் சூடானது, ரப்பர் உடை தேவையில்லை. முழுக்கைச் சட்டையும் காலில் பிடித்த செருப்பும் போதும். பின்னலைச் சட்டைக்குள் விட்டுவிட வேண்டும். கொலுசு, வளையல், செயின் மூன்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

பழைய கைட் என்றால் எதையும் வாங்கக் கூடாது என்பதில்லை. 2005-ஐ ஒட்டித்தான், பாரைத் தள்ளினால் இழுவை ஏறக்குறைய முழுவதும் குறைகிற வடிவங்கள் வந்தன. காற்றடைக்கும் கைட்டுக்கு 1984-இல் காப்புரிமை எடுத்த பிரான்சின் லெகென்யூ சகோதரர்களில் ஒருவரான புரூனோவின் வேலைதான் அதுவும். அதற்கு முந்தியது எவ்வளவு மலிவு என்றாலும் தொடாதீர்கள். பிந்தியது என்றால் சாயங்காலம் காற்றடைத்து வைத்து, காலையில் கல்லுப்போல இருக்கிறதா என்று பாருங்கள். துணியைக் கசக்கிப் பாருங்கள், வெயிலில் செத்த துணி முறுக்கு இல்லாமல் கிழவன் வேட்டி மாதிரித் துவண்டிருக்கும்.

நீச்சலைப் பற்றி. தாத்தா கிணற்றில் பழக்கினார் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. எங்களையும் அப்படித்தான், முதுகில் டியூபைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். கிணற்று நீச்சலில் மூச்சு நன்றாக வரும், பயமும் போய்விடும். ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு முழத்தில் சுவர். கடலில் அலை முகத்தில் அடிக்கும், உப்புத்தண்ணீர் உள்ளே போகும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். மிதவை உடுப்போடு அலை குறைந்த இடத்தில் இறக்கி, ஒரு கால் மணி நேரம் மிதந்து, தண்ணீர் குடித்தும் பதறாமல் இருக்கிறாளா என்று பாருங்கள். தூரக்கடலில் எழும்பி, காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறுகிற கள்ளக்கடல் நம் தென்கோடிக் கரைக்குப் புதிதல்ல. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அதற்கு முன்னறிவிப்பு கொடுக்கிறது. அந்த எச்சரிக்கை வந்த நாளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

யார் கற்றுக்கொடுப்பது? அப்பா தரையில் பயிற்சிக் கைட் பழக்கட்டும். தண்ணீரில் வேண்டாம். நன்றாகச் சறுக்குவது வேறு, இன்னொருவர் தப்பு செய்யப்போவதை இரண்டு நொடி முன்னால் காண்பது வேறு. தன் பிள்ளை தடுமாறும்போது அப்பா பாய்ந்து பாரைப் பிடித்துவிடுவார், அப்போது ஒரு கைட்டுக்கு இரண்டு ஓட்டுநர். சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் இப்படித்தான் சொல்வான் என்று அவர் நினைக்கலாம். நினைக்கட்டும். நான் என் அக்கா மகனையே வேறொருவரிடம்தான் அனுப்பினேன்.

பள்ளிக்குப் போனால், சர்வதேச கைட்போர்டிங் அமைப்பான ஐ.கே.ஓ. சான்று உள்ளவரா, மீட்புப் படகு தயாராக நிற்கிறதா, பிள்ளைக்கு ஏற்ற 4, 5 மீட்டர் கைட்டும் சின்ன ஹார்னஸும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். முதல் இரண்டு மூன்று வகுப்பு பலகையே இல்லாமல், கைட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பாலேயே தண்ணீரில் இழுபட்டுப் போவதாக இருக்கும். "பிள்ளையைப் பலகையிலேயே ஏற்றவில்லையே" என்று கோபப்படாதீர்கள். பலகை தொலைந்தால் கரைக்குத் திரும்புகிற வழி அதுதான்.

உங்கள் மாமியாருக்கு ஒரு சேதி. ஒலிம்பிக்கில் கைட் போட்டி முதன்முதலாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் வந்தது. படகுப் போட்டிகளோடு மார்சேய் கடலில் நடந்தது. பெண்களுக்கான பிரிவில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வாங்கினார். ஆச்சி இதில் சமாதானம் ஆவார் என்று நான் நம்பவில்லை. ஒருநாள் மணலில் அவரையும் கூட்டிப் போய், பயிற்சிக் கைட்டை இரண்டு நிமிடம் கையில் கொடுத்துப் பாருங்கள்.

லீவு ஆடியில்தான், மாற்ற முடியாது என்றால் இப்படிச் செய்யலாம். வீட்டுப் பக்கம், விடிந்ததும் தரைமட்டத்தில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரத்தில், காற்றுமானி 12 நாட்டுக்குக் கீழே காட்டினால் பயிற்சிக் கைட். ஏழரை எட்டு மணிக்கு மூட்டை கட்டிவிட வேண்டும். பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். அப்படி இரண்டு வாரம் ஓட்டியபின், ஒரு நீண்ட விடுமுறை வாரம் பார்த்து ராமேஸ்வரம் போங்கள். அரை நாள் பயணம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இருப்பதால் தென்மேற்குக் காற்றுக்கும் வடகிழக்குக் காற்றுக்கும் அங்கே கரையை மாற்றிக்கொள்ளலாம். இடுப்பளவு தண்ணீர் வெகுதூரம் கிடைக்கிற இடங்களும் உண்டு, மீட்புக்கு ஆளும் இருக்கும். அவள் அங்கே படிக்கட்டும், அவர் தன் அளவுக்கு ஒரு 7 மீட்டர் கைட்டை வாடகைக்கு எடுத்துப் பக்கத்தில் சறுக்கட்டும்.

அந்த 12 மீட்டரை அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. தை மாசியில் மெல்லிய காற்றடிக்கிற நாட்களில் அவருக்கே உதவும். அதுவரை காற்றில்லாத சாயங்காலம் பார்த்து முற்றத்தில் விரித்து, அதற்குக் காற்றடிக்கவும், லைனைச் சிக்கில்லாமல் பரப்பவும், மடித்துப் பையில் வைக்கவும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சுவரில் கிடக்கிற ஆணிகளை மட்டும் முதலில் பிடுங்கிவிடுங்கள்.